ஆட்சேபனை இல்லை

எனக்குப் பொறுமை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோறு வெந்ததா என்று பார்க்க நாலு தடவை மூடியைத் திறக்கிறவள் நான். அப்படிப்பட்டவளைப் பார்த்து, டெல்லியில் ஒரு சட்டம் உருவாகி முடிகிறவரை சும்மா இரு என்றால் அது நடக்கிற காரியமா?

பெயர் சகாயசெல்வி. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறேன். கல்யாணமாகி வந்த வருஷம் இறங்கிய பாத்தி, இன்றைக்கும் அதே பாத்திதான். பிளஸ் டூ படித்தவள் என்று எங்கள் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராகப் போட்டார்கள். தலைவர் மாயவன் அண்ணன். தங்கமான மனுஷன், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முடி நரைத்துவிடும்.

எங்கள் உப்பளம் மத்திய அரசின் நிலம். குத்தகைக்கு எடுத்தவர் எங்களை வைத்து உப்பு எடுக்கிறார். அந்தக் குத்தகை வருகிற வருஷம் முடிகிறது. அதற்குள் டெல்லியில் ஒரு மசோதா வந்துவிட்டது. கடற்கரையில் இருக்கிற அரசு நிலங்களை இனி வேறு காரியங்களுக்கும் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். உப்பளம் மூடப்பட்டால் அங்கே வேலை செய்தவர்களுக்கு மாற்று வேலையும் வீட்டு மனையும் உண்டு என்று பதினோராவது பிரிவு சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வரியில்தான் ஆப்பு. ‘ஆண்டு முழுவதும் இடைவிடாமல் பணிபுரிந்தவர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தார்கள்.

எந்த உப்பளத்தில் ஐயா ஆண்டு முழுவதும் வேலை நடக்கும்? ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் குளம். தை பிறந்து, தண்ணீர் வடிந்து, சேற்றை மிதித்துத் தரையைக் கெட்டியாக்கிய பிறகுதான் உப்பைப் பற்றிப் பேச்சு. நடுவில் நாங்கள் பிரம்மதேசம் பக்கம் நடவுக்குப் போவோம், களை எடுக்கப் போவோம், கிடைத்ததைச் செய்வோம். அந்த வரியின்படி பார்த்தால் எங்களில் ஒருவர்கூட உப்பளத் தொழிலாளி கிடையாது. வருகிற வருஷம் எங்களை வெளியே அனுப்பினால், நான் இத்தனை காலம் வெயிலில் நின்றது நிற்காத கணக்குதான்.

மசோதாவை ஆராய இரண்டு சபை எம்.பி.க்களையும் சேர்த்து ஒரு கூட்டுக் குழு போட்டார்கள். குழு ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டது. பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல் ஹாலுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், உப்பளத்தில் நாங்கள் ‘முடியாது’ என்று எப்படிச் சொல்வோம் என்பதைச் சொல்ல வேண்டும். வாயால் சொல்ல மாட்டோம். பருவம் தொடங்கும்போது மேஸ்திரி சிங்காரம் வரப்பில் நின்று இந்த வருஷக் கூலி இவ்வளவு என்பார். பிடிக்கவில்லை என்றால் ஒருத்தியும் பேச மாட்டாள். பேசினால் பேசினவள் யார் என்று தெரிந்துபோகும், மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. அதனால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்போம். சிங்காரம் கத்துவார், கெஞ்சுவார், ஓரமாகப் போய் முதலாளிக்குப் போன் போடுவார். நாங்கள் அசைய மாட்டோம். ‘சரி’ என்று ஒரு வாய் சொன்னால்தான் சம்மதம். பேசாமல் நின்றால் முடியாது என்று அர்த்தம். இது என் மாமியார் காலத்துக்கும் முந்தின வழக்கம். எங்கள் கூச்சலுக்கு முதலாளி பயந்ததில்லை, எங்கள் மௌனத்துக்குப் பயப்படுவார்.

ஹோட்டல் ஹாலில் குழுத் தலைவர் வயதானவர், மரியாதை தெரிந்தவர். மொழிபெயர்க்க ஒரு பெண் இருந்தாள். கண் எரிச்சலைப் பற்றிக் கேட்டார்கள், குடிதண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். எங்களில் மூத்தவர் அந்தோணியம்மாக்கா பேசு பேசென்று பேசினார். பேச்சோடு நிற்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு, வெடித்த காலைத் தூக்கி அந்த வெள்ளைத் துணி விரித்த மேஜைமேலேயே வைத்துக் காட்டினார். எம்.பி.க்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு தலைவர் ஒரு தாளைப் புரட்டிக்கொண்டு, “இந்தப் பதினோராவது பிரிவு குறித்து உங்களுக்கு ஆட்சேபனை ஏதாவது உண்டா?” என்று கேட்டார்.

ஹால் அடங்கிப்போனது. மாயவன் அண்ணன் கையைக் கட்டினார். அந்தோணியம்மாக்கா காலைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டினார். நான் கட்டினேன். பின்வரிசை முழுக்கக் கட்டியது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக நடந்தது. தலைவர் இன்னொரு தடவை நிதானமாகக் கேட்டார். நாங்கள் கம்பளத்தையே பார்த்தோம். அந்த ஏ.சி.யிலும் எனக்கு வியர்த்தது. வாழ்க்கையில் நாங்கள் எதையும் இவ்வளவு கெட்டியாக மறுத்ததில்லை. அவர் தலையாட்டினார், பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ குறித்துக்கொள்ளச் சொன்னார், கும்பிட்டார். டீயும் சமோசாவும் வந்தன.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரே கொண்டாட்டம். “பாத்தியாடி, ஒருத்தராவது வாயத் தொறந்தோமா? பெரியவரு மூஞ்சியே மாறிப்போச்சி,” என்றார் அந்தோணியம்மாக்கா. மாயவன் அண்ணன் தன் காசில் எல்லாருக்கும் கடலை வாங்கிக் கொடுத்தார். அவர் காசை எடுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு மாதம் போனது. விஜயகுமாரிடமிருந்து போன் வந்தது. அவன் பக்கத்து ஊர் அனுமந்தைப் பையன். டெல்லியில் எங்கள் தொகுதி எம்.பி.யிடம் உதவியாளராக இருக்கிறான்.

“அக்கா, குழு அறிக்கைய சபையில வச்சிட்டாங்க. உங்களப் பத்தி ஒரு வரி வருது. படிக்கட்டுமா?”

“படி, படி.”

“மரக்காணத்திலிருந்து வந்த உப்பளத் தொழிலாளர் பிரதிநிதிகள், பதினோராவது பிரிவு குறித்து ஆட்சேபனை எதையும் தெரிவிக்கவில்லை.”

எனக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு பிடி பிடித்தேன் பாருங்கள். “அடப்பாவிங்களா! அத்தினி பேரும் கையக் கட்டிக்கினு குந்தினிருந்தோமே, கண்ணு தெரியலையா அவங்களுக்கு?”

“அக்கா, கையக் கட்டினா அங்க அத மரியாதைன்னு எடுத்துப்பாங்க. அதுவும் அதுக்கு முன்னால அவ்ளோ பேசிட்டு, அந்த ஒண்ணுக்கு மட்டும் பேசலன்னா, அதுல பிரச்சினை இல்லன்னுதான் நெனப்பாங்க.”

உப்பளத்தில் நாங்கள் சாப்பிடுகிற கீற்றுக் கொட்டகையில் போய் விஷயத்தைச் சொன்னேன். மாயவன் அண்ணன் வெகு நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அந்த சமோசா அதுக்குத்தான் குடுத்தாங்களா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்தோணியம்மாக்கா சோற்றுத் தூக்கை மூடிவிட்டார். கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால்கூடத் தேவலை. அந்தப் பெரியவர் கேட்டார், இரண்டு தடவை கேட்டார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது உடம்புக்கு ஆகாது.

அன்றிலிருந்து விஜயகுமாரை நான் விடவில்லை. இனிமேல் என்ன செய்யலாம் என்று நச்சரித்தேன். பாவம், பொறுமையாகச் சொன்னான். “மசோதாவ அறிமுகம் பண்றது முடிஞ்சிபோச்சி. குழுவும் முடிஞ்சிபோச்சி. இனிமே சபையில விவாதம். அப்புறம் ஒவ்வொரு பிரிவா எடுத்து ஓட்டுக்கு விடுவாங்க. அதுக்கு முன்னால எந்த எம்.பி. வேணும்னாலும் திருத்தம் குடுக்கலாம்.”

“நம்ம எம்.பி. குடுப்பாரா?”

“குடுத்துட்டாருக்கா. ‘ஆண்டு முழுவதும்’ங்கறத எடுத்துட்டு ‘ஓர் உப்புப் பருவம்’னு போடணும்னு குடுத்திருக்கறாரு.”

“அப்ப சரியாப் போச்சி.”

“எங்க சரியாப் போச்சி? பிரிவு வரும்போது அவைத் தலைவர் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. அப்ப உள்ள இருக்கணும். எழுந்து, இந்தத் திருத்தத்தை முன்மொழியறேன்னு வாயால சொல்லணும். ஆளு இல்லன்னா திருத்தமும் இல்ல.”

“சொன்னப்புறம்?”

“ஆமாங்கறவங்க ஆமான்னு கத்தணும், இல்லங்கறவங்க இல்லன்னு கத்தணும். எந்தச் சத்தம் பெருசோ அது ஜெயிக்கும். அதுல திருப்தி இல்லன்னா டிவிஷன் கேக்கலாம். மணி அடிக்கும், கதவ மூடுவாங்க, உள்ள இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் பட்டன அமுக்கணும்.”

அதைக் கேட்டுக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய தேசத்துக்குச் சட்டம் செய்கிற இடம், கடைசியில் வாயைத் திறந்தாயா, விரலை அமுக்கினாயா என்பதில்தான் நிற்கிறது. எங்களுக்கு இதை ஒரு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

அதன்பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. திங்கட்கிழமை வருகிறது என்பான். அன்றைக்கு ஏதோ அமளி, சபையை ஒத்திவைத்துவிட்டார்கள் என்பான். புதன்கிழமை பட்டியலில் இருக்கிறது என்பான். அதற்கு முன்னால் இருந்த மசோதாவே பொழுதெல்லாம் ஓடிவிட்டது என்பான். நான் பாத்தியில் நிற்கிறேன், மனசு டெல்லியில் நிற்கிறது. ஒருநாள் உப்பு சரியாகப் பூக்குமுன்பே பலகையைப் போட்டு வாரி, பாத்தி முழுவதையும் கலக்கிவிட்டேன். சிங்காரம் வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வீட்டில் என் வீட்டுக்காரர், “நீ டெல்லிக்கே போயி குந்திக்கோயேன், எங்களுக்காவது நிம்மதி,” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னார். நான் ரயில் டிக்கெட் விலை பார்த்தேன்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை விஜயகுமார் கூப்பிட்டான். “அக்கா, இன்னைக்குக் கண்டிப்பா வருது. ஆனா ஒரு சிக்கல்.”

“இன்னா?”

“கட்சியில முடிவு பண்ணிட்டாங்க. மசோதாவ எதிர்த்து மொத்தமா வெளிநடப்பாம்.”

“வெளிய போயிட்டா, பேர் சொல்லிக் கூப்பிடும்போது உள்ள யாரு இருப்பாங்க?”

“எம்.பி.கிட்ட போனக் குடு,” என்றேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்றான். “நான் வச்சிட மாட்டேன். மீட்டிங் முடியட்டும்,” என்றேன். காதில் போனை வைத்துக்கொண்டே அந்த வரப்பில் எத்தனை தடவை போய்ப் போய் வந்தேனோ தெரியாது. கடைசியில் எம்.பி. லைனில் வந்தார்.

“சொல்லும்மா. உங்க விஷயமா நான் பேசியாச்சி. எங்க கட்சியே எழுந்து வெளிய போகுது. இதவிடப் பெரிய எதிர்ப்பு இன்னா இருக்குது? நாடே பாக்கும்.”

“சார், நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். கையக் கட்டிக்கினு குந்தினா எல்லாருக்கும் புரியும்னு நெனச்சோம். ஆட்சேபனை இல்லன்னு எழுதிட்டாங்க.”

“அது வேறம்மா. வெளிநடப்பு எல்லாருக்கும் தெரிஞ்ச வழி.”

“இன்னா சார் வேற? நாங்க உள்ள குந்தினு பேசாம இருந்தோம். நீங்க வெளிய நின்னுக்கினு பேசாம இருக்கப்போறீங்க. எங்களுக்குத் தெரியாது, செஞ்சிட்டோம். உங்களுக்குத் தெரியும் இல்ல?”

அழுதால் அவர் அழுகையைத்தான் கேட்பார், விஷயத்தைக் கேட்க மாட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். “பாக்கறேம்மா,” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் கொட்டகையில் என் போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். நாடாளுமன்ற நேரலையில் தமிழ் மொழிபெயர்ப்புக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. சிங்காரம் கத்திக்கொண்டே வந்தார். “ஏம்மா, வேல நேரத்துல இன்னா சினிமாவா?” பதினோராவது பிரிவு என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். “நானும் மழைக்காலத்துல சும்மாதான இருக்கறேன்,” என்று சொல்லிவிட்டு, விஜயகுமாரைக் கூப்பிடத் தன் போனை என்னிடம் கொடுத்து, அவரும் உட்கார்ந்தார்.

எங்கள் எம்.பி.யின் கட்சி ஆட்கள் எழுந்தார்கள். ஏதோ முழக்கம் போட்டுக்கொண்டு வரிசையாக வெளியே நடந்தார்கள். மாயவன் அண்ணன் எண்ணினார். இருபத்திரண்டு பேர். எங்கள் எம்.பி.யும் அதில் ஒருவர். அவர் முதுகு கதவுக்கு அந்தப் பக்கம் மறைந்ததைப் பார்த்தேன். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

விவாதம் முடிந்தது. பிரிவுகளை எடுத்தார்கள். இரண்டிலிருந்து பத்துவரை ஒரே மூச்சு. அடுத்து பதினொன்று. அவைத் தலைவர் எங்கள் எம்.பி. பெயரைச் சொன்னார். கேமரா ஒரு காலி இருக்கையைக் காட்டியது. இன்னொரு தடவை சொன்னார். அந்தோணியம்மாக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். அப்போது கதவுப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் அரை ஓட்டமாக வந்தார். வேட்டி தடுக்கியது. இருக்கைக்குக்கூடப் போகாமல், நின்ற இடத்திலிருந்தே, “முன்மொழிகிறேன்,” என்றார்.

கொட்டகையில் விசில் பறந்தது. சிங்காரம்தான் அடித்தார்.

ஆம் என்று கத்தினார்கள். இல்லை என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். இல்லை என்பவர்களே அதிகம் என்று நினைப்பதாக அவைத் தலைவர் சொன்னார். எங்கள் எம்.பி. விடவில்லை. “டிவிஷன்!” என்றார். மணி அடிக்கத் தொடங்கியது.

“வெளிய போனவங்களுக்கும் அந்த மணி கேக்குமா?” என்று கேட்டார் அந்தோணியம்மாக்கா. விஜயகுமாரிடம் கேட்டேன்.

“கட்டடம் முழுக்கக் கேக்கும்க்கா. கதவு மூடறதுக்குள்ள யாரு வேணா உள்ள வரலாம். ஆளுங்கட்சி பக்கம் இன்னைக்குக் கூட்டம் கம்மிதான்.”

நாங்கள் கதவையே பார்த்தோம். “வாங்கப்பா, வாங்கப்பா,” என்று மாயவன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு மூன்று பேர் வந்தார்கள், வேறு கட்சிக்காரர்கள். மணி நின்றது. கதவு மூடியது. பட்டன் அமுக்கினார்கள். பலகையில் எண்கள் வந்தன. ஆம் என்று 96. இல்லை என்று 113.

மாயவன் அண்ணன் வாழ்நாளில் முதல்முறையாக எனக்கு முன்னால் கணக்குப் போட்டு முடித்தார். “பதினேழு ஓட்டு. வெளிய நின்னது இருபத்தொரு பேரு,” என்றார்.

அந்தோணியம்மாக்கா போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். “வெளிய போனவங்கள எந்தப் பக்கம் எழுதியிருக்குது?”

“எந்தப் பக்கமும் இல்லக்கா,” என்றேன்.

பதினோராவது பிரிவு அப்படியே மசோதாவில் சேர்ந்தது. மிச்சமும் மளமளவென்று நிறைவேறியது. சேனல் மாற்றினால், நாடாளுமன்ற வாசலில் அந்தக் கட்சியின் தலைவர். முன்னால் ஏகப்பட்ட மைக். “உப்பளத் தொழிலாளர்களின் வயிற்றில் அடிக்கிற இந்த மசோதாவை மிகக் கடுமையாக எதிர்த்தோம். ஒட்டுமொத்தமாக வெளிநடப்பு செய்தோம்,” என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அந்தோணியம்மாக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம்டி. ரொம்ப சந்தோசமா இருக்கறாரு. அவருக்கு யாரும் இன்னும் சொல்லல போல,” என்றார்.

சிரிக்கத் தோன்றியது, ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விஜி, அடுத்து இன்னா?” என்றேன்.

“அடுத்த வாரம் மாநிலங்களவைக்குப் போவுதுக்கா. அங்க திருத்தம் ஜெயிச்சா, மசோதா திரும்பி இங்கயே வரும். ஆனா அங்கயும் வெளிநடப்புன்னுதான் பேசிக்கறாங்க. ரெண்டு சபைக்கும் கட்சித் தலைவர்தான் முடிவு பண்றாரு.”

“தலைவர் நம்பர் குடு.”

“அக்கா, அவருகிட்டலாம் நேரா…”

“குடுப்பா.”

கொடுத்தான். “செல்வி, கொஞ்சம் யோசிச்சி…” என்று மாயவன் அண்ணன் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் சிங்காரத்தின் போனில் நம்பரைப் போட்டுவிட்டேன். என் போனின் திரையில் மைக்குகள் விலகி, தலைவர் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கேமரா பின்னாலேயே போனது. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தார்.

“யாரு?”

“மரக்காணம் உப்பளத்துலேர்ந்து சகாயசெல்வி பேசறேன் சார். உங்களுக்கு ஓட்டு போட்டவ. நீங்க வெளிய நின்னதால நாங்க தோத்துட்டோம் சார். தோத்தது பதினேழு ஓட்டுல. உங்ககிட்ட இருந்தது இருபத்தொண்ணு.”

எங்கள் சிக்னலுக்குப் படம் எப்போதும் பின்தங்கித்தான் வரும். திரையில் அவர் இன்னும் யாருக்கோ கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினேன். “அடுத்த வாரம் அந்த சபையில உங்க ஆளுங்க எழுந்து போவக் கூடாது சார். உள்ளயே குந்தச் சொல்லுங்க. எங்களுக்காக ஆமான்னு சொல்லி அந்தப் பட்டன அமுக்கச் சொல்லுங்க. சொல்லுவீங்களா?”

போனில் பதில் இல்லை. திரையில் இப்போதுதான் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், காதில் வைத்தார், காருக்குப் பக்கத்தில் நின்றார். சிரிப்பு மெல்லக் குறைந்தது. கொட்டகையில் அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காதில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் விடவில்லை. “வாயத் தொறந்து சொல்லுங்க சார்,” என்றேன்.